பாசிப்பச்சைக்கு ஒரு கை வெங்காயச் சருகு

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் வீட்டில் பிறந்தவள் நான். அரக்கு, மயில்கழுத்து, மாந்துளிர், கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள்தான் அப்பாவின் பிழைப்பு. முகூர்த்தப் புடவை பளிச்சென்று தெரிய வேண்டும். கொஞ்சம் மங்கினாலும் நூல் சிட்டம் திரும்பி வந்துவிடும். இப்போது இங்கிலாந்தில், டார்பிஷயர் மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் தோய்க்கும் நிறங்களை அவர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். சேற்றுப் பச்சை, மழைமேகச் சாம்பல், ஆறிப்போன டீயின் பழுப்பு. எல்லாம் வேண்டுமென்றே அழுக்காக்கிய நிறங்கள். அதுவும் பட்டுக்கு அல்ல, சேவல் இறகுக்கு.

எதற்கு என்று கேட்பீர்கள். மீன் பிடிக்க.

இந்தப் பக்கத்து ஆறுகளில் ட்ரவுட் என்றொரு மீன் உண்டு. பேக்வெல் ஊரின் பழைய பாலத்தில் நின்று குனிந்தால் வை ஆற்றின் தெளிந்த தண்ணீரில் அவை எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு நிற்பது தெரியும். இவற்றைப் பிடிக்க மண்புழுவோ மாவு உருண்டையோ இங்கே பல இடங்களில் அனுமதி கிடையாது. சின்னத் தூண்டில் முள் ஒன்றின்மேல் நூல், இறகு, முயல் மயிர் எல்லாம் சுற்றி, ஆற்றோரம் பறக்கும் பூச்சியைப்போல ஒன்றைக் கட்டுகிறார்கள். அதற்கு ஃப்ளை என்று பெயர். நான் வீட்டில் பொய்ப்பூச்சி என்று சொல்லிப் பழகிவிட்டேன், அப்படியே எழுதுகிறேன். கட்டி முடித்தால் பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். சேவலின் கழுத்து இறகை முள்ளின் தண்டில் சுற்றும்போது அதன் இழைகள் நாலாபக்கமும் விரிந்து நிற்கும். அவைதான் பூச்சியின் கால்கள். தண்ணீரின் மேல் பொய்ப்பூச்சியை மிதக்கவிடுவதும் அவைதான்.

நகலெடுக்கப்படும் நிஜப் பூச்சியையும் பார்த்துவிட வேண்டும். மேஃப்ளை இனத்துப் பூச்சிகள் முட்டையிலிருந்து வந்து மாதக்கணக்கில், சில வகைகள் ஓராண்டுக்கு மேலும்கூட, ஆற்றின் அடியில் கல்லிடுக்கிலும் மணலிலும் வாழ்கின்றன. பிறகு ஒருநாள் மேலே வந்து, தோலுரித்து, இறக்கையோடு தண்ணீர்மேல் உட்காருகின்றன. இறக்கை காய்ந்து பறக்கத் தயாராகும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ட்ரவுட் கீழிருந்து வந்து வாயில் போட்டுக்கொள்கிறது. தப்பித்தவை செடியில் போய் ஒட்டிக்கொண்டு இன்னொரு முறை தோலுரிக்கும். இறக்கை முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான். இரண்டாம் உரிப்புக்குப் பின் உடம்பு மினுங்கும், இறக்கை கண்ணாடி ஆகும். ஆனால் மீனுக்கு அதிகம் அகப்படுவது முதல் பருவத்துப் பூச்சி. அதன் இறக்கை சாம்பல், உடம்பு பாசி. ஆகவே பொய்ப்பூச்சி கட்டுகிறவர்களுக்குத் தீராமல் வேண்டியிருப்பது இந்த இரண்டு மங்கல் நிறங்கள்தான்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீன்பிடிப் பருவம் அக்டோபர் வாக்கில் முடிந்துவிடும். ஏப்ரலுக்கு முன் பெரும்பாலும் தொடங்காது. நடுவில் உள்ள குளிர்காலம் முழுக்க மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து பொய்ப்பூச்சி கட்டுவார். கடையில் வாங்கிய பாசிநிற இறகைக் காட்டி, “இது எந்த ஆற்றுப் பூச்சி நிறம், சொல்லு பார்க்கலாம்” என்று குறைப்பட்டுக்கொண்டார். அது எந்த ஆற்றிலும் இல்லாத நிறம். ரேஷன் கடைப் பிளாஸ்டிக் வாளியின் பச்சை. இறகைக் கையில் வாங்கி விரலால் நீவிப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பட்டுக்குச் சொந்தக்காரப் பொருள் என்று.

அது வெறும் நினைப்பல்ல. பருத்தி என்பது செல்லுலோஸ். பட்டும் கம்பளியும் இறகும் மயிரும் புரதம். இறகின் புரதம் கெரட்டின். நம் நகமும் முடியும் அதேதான். பருத்திக்கு ஏறும் சாயம் வேறு, புரதத்துக்கு ஏறும் சாயம் வேறு. புரதத்துக்கு உரியதை ஆசிட் சாயம் என்பார்கள். தண்ணீரில் புளிப்பு ஏறும்போது புரத இழையின் சில முனைகளில் நேர் மின்னேற்றம் உண்டாகிறது. சாயத் துகளோ எதிர் மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. புளிப்புக்கு வீட்டு வினிகரே போதும். இந்தியக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு இன்னும் நல்லது, வாடை கிடையாது. அமெரிக்காவில் சிறுபிள்ளைகள் குடிக்கும் கூல்-எய்ட் பொடியைக் கரைத்தே இறகுக்குச் சாயமேற்றுகிறார்கள். சர்க்கரை சேர்க்காத பொடியில் உணவு நிறமும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்தே இருப்பதால் வேலை நடந்துவிடுகிறது. ஆனால் அதில் வருவதெல்லாம் திருவிழா மிட்டாய் நிறம். நமக்கு ஆகாது.

பட்டுக்கு முதல் வேலை சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து, இழையைச் சுற்றியுள்ள பசையை எடுப்பது. இறகுக்கும் முதல் வேலை கழுவல்தான். ஆனால் கொதிக்கவைக்கக் கூடாது. பறவையின் வால் அடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அலகால் அந்த எண்ணெயைத் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொள்ளும். அந்த எண்ணெய் இருக்கும்வரை சாயம் உள்ளே போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டு ஊறவைத்து, மெல்ல அலசி, மறுபடி ஊறவைக்க வேண்டும். தண்ணீர் இறகின்மேல் முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். இறகு சோர்ந்துபோய் அடியில் முங்க வேண்டும். இந்த வேலையில் பாதி வெற்றி இந்த முங்கலில்தான் இருக்கிறது. திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்த இறகைப் பார்த்தால் நான் சாயத்தைக் குறை சொல்வதில்லை, கழுவலைத்தான் சொல்வேன்.

அடுத்தது சூடு. உதிரி இறகானால் அறுபது, எழுபது டிகிரி. தண்ணீரில் ஆவி எழ வேண்டும், குமிழ் வரக் கூடாது. கொதித்தால் இறகின் நடுத்தண்டு முறுக்கிக்கொள்ளும், இழைகள் உயிரற்றுப்போகும். தோலோடு உரித்த சேவல் கழுத்தை அப்படியே சாயமிடுவதானால் இன்னும் கவனம் வேண்டும். தோலின் புரதம் கொலாஜன். பதப்படுத்தாத தோல் அறுபது, அறுபத்தைந்து டிகிரியிலேயே சுருண்டு கெட்டியாகிவிடும். ஒரு சமையல் வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதையும், சாயம் போடும் பாத்திரம் கரண்டியையும் சமையல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இதை என் வீட்டில் எவரும் நம்புவதில்லை. ஈர இறகும் வினிகரும் சேர்ந்து வீசும் வாடைக்கு என் கணவர் கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார்: “ஏம்மா, இன்னைக்கு கோழிக் குழம்பா, கோழிச் சாயமா?”

வினிகரை எப்போது ஊற்றுவது என்பதில் கட்டுகிறவர்களுக்குள் சண்டையே உண்டு. பலர் சாயத்தோடு சேர்த்தே ஊற்றிவிடுகிறார்கள். பட்டறையில் அப்படிச் செய்ய மாட்டார்கள். புளிப்பு முன்கூட்டியே இருந்தால் முதலில் தொட்ட இடத்திலேயே சாயம் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். சாயத்தைக் கரைத்து, இறகைப் போட்டு, எல்லாப் பக்கமும் சாயத் தண்ணீர் புகுந்து ஊறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் புளிப்பை விட வேண்டும். அப்போதுதான் சமமாக ஏறும். சரியாகப் போனால் இறகு நிறம் கொள்ளக் கொள்ளத் தண்ணீர் வெளுத்துக்கொண்டே வரும். கடைசியில் பாத்திரத்தின் அடி தெரியும். அப்பாவும் இதைத்தான் பார்ப்பார். அண்டாவில் மிச்சம் நிற்கும் நிறம் கைக்காசு கரைந்த கணக்கு.

இனி நிறத்துக்கு வருகிறேன். கடையில் விற்கும் பாசி நிறம் ஏன் வாளிப் பச்சையாகிவிடுகிறது? பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, வெள்ளை இறகில் தோய்க்கிறார்கள். வெள்ளையின்மேல் எந்தச் சாயமும் கூச்சல் போடும். இயற்கையாகவே சாம்பல், சந்தனம், இஞ்சி நிறத்தில் உள்ள இறகை எடுத்து அதன்மேல் மஞ்சள் பாசியை ஏற்றினால் இழைக்கு இழை நிறம் மாறி நிற்கும். உயிருள்ள பூச்சியிலும் அப்படித்தான் இருக்கிறது. கறுப்பு வெள்ளை வரிபோட்ட பிளிமத் ராக் சேவலின் இறகில் தோய்த்தால் சாயம் வெள்ளை வரியில் மட்டும் தெரியும், கறுப்பு வரி கறுப்பாகவே நிற்கும். தண்ணீர்மேல் அது நடுங்கும் கால்களாகத் தெரியும். இரண்டாவது, பச்சைப் பொடியை நம்புகிறார்கள். பாசிப்பச்சைக்குப் பச்சை சாயமே வேண்டாம். மஞ்சளில் ஊசிமுனை அளவு கறுப்பைக் கலந்து பாருங்கள். பச்சை தானாக எழும், எழும்போதே அழுக்காக எழும். இன்னும் பழுப்படிக்க வேண்டுமானால் டீத்தண்ணீர் ஒரு கரண்டி.

கறுப்பு, ஊதா, காப்பிப் பொடி நிறம் போன்றவை பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. அவற்றில் ஒன்று முந்தி ஏறும், ஒன்று பிந்தி ஏறும். இறகைச் சீக்கிரம் எடுத்தால் கறுப்பு போட்ட பாத்திரத்திலிருந்து ஊதாவோ பச்சையோ வெளிவரும். பட்டறையில் இது தொல்லை. எனக்கு இதுவே வசதி. ஒரே பாத்திரத்தில் நேரம் பார்த்து எடுத்து எடுத்து நாலைந்து சாம்பல்களைப் பிரித்துக்கொள்கிறேன்.

ஈரத்தில் எந்த நிறமும் ஒன்றிரண்டு படி கருத்துத் தெரியும். ஓர் இறகை எடுத்து, காகிதத்தில் ஒற்றி, முடி உலர்த்தியால் காயவைத்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. பார்ப்பதும் ஜன்னல் வெளிச்சத்தில். டிசம்பரில் இங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுவதால் என் சாய வேலையெல்லாம் காலையில்தான். இறகை மேசையில் வைத்துப் பார்ப்பது வீண். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒளி ஊடுருவும்போது பார்க்க வேண்டும். மீன் கீழே இருக்கிறது, பூச்சிக்குப் பின்னால் வானம். புடவையைத் தறியில் பார்க்காமல் பெண்ணின் தோளில் போட்டுப் பார் என்று அப்பா சொல்வதும் இதற்காகத்தான்.

வெங்காயச் சருகைச் சொல்லாமல் விட்டால் என் பாட்டி மன்னிக்க மாட்டாள். ஒரு காரியத்தை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். வட அமெரிக்காவில் வுட் டக் என்றொரு வாத்து. அதன் விலா இறகு எலுமிச்சை கலந்த பொன்பழுப்பு. மேலே மெல்லிய கறுப்புக் கோடுகள். பொய்ப்பூச்சியின் இறக்கைக்கு இதைவிட நல்லது இல்லை என்பார்கள். விலையும் அப்படியே. இங்கே எல்லாக் குளத்திலும் நீந்தும் மல்லார்ட் வாத்தின் விலா இறகிலும் அதேபோன்ற கோடுகள் உண்டு, ஆனால் அடிநிறம் சாம்பல் வெள்ளை. வாத்துக் கறி விற்கும் கடையில் கேட்டால் பை நிறையத் தருவார்கள். கோடு ஏற்கெனவே இருக்கிறது. நான் அடிநிறத்தை மாற்றினால் போதும்.

சமையலில் உரித்த வெங்காயச் சருகைக் காகிதப் பையில் சேர்த்து வைப்பேன். ஒரு பெரிய கை நிறைய எடுத்துத் தண்ணீரில் அரைமணிக்கு மேல் கொதிக்கவிட்டால் செம்பொன் சாறு இறங்கும். வடிகட்டி ஆறவிட வேண்டும். சருகோடு இறகைப் போட்டால் பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்க நேரும். இன்னொரு பக்கம், கழுவிய இறகின் எடையில் பத்தில் ஒரு பங்கு படிகாரத்தை வெந்நீரில் கரைத்து அதில் இறகை ஊறவைப்பேன். வெங்காயத் தோலில் உள்ள குவெர்செட்டின் தானாக இறகில் நிலைக்காது. படிகாரத்தின் அலுமினியம் ஒரு கையால் இறகையும் ஒரு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. பிறகு இறகைச் சாற்றில் போட்டு மெல்லிய சூட்டில் வைக்கிறேன். முதலில் வருவது கல்யாண வீட்டுப் பொன் மஞ்சள். அங்கே நிறுத்தக் கூடாது. கடுந்தேநீர் கொஞ்சம் ஊற்றினால் மஞ்சளின் திமிர் அடங்கும். எடுத்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, பழைய காலுறைக்குள் போட்டு வாயைக் கட்டி, முடி உலர்த்தியின் காற்றைச் செலுத்துகிறேன். இறகுகள் உள்ளே சுழன்று சுழன்று ஒட்டிய இழைகள் பிரிந்து உப்பும். காய்ந்தும் வளைந்தே நிற்கும் இறகை கெட்டில் ஆவியில் காட்டினால் நிமிர்ந்துகொள்ளும். பெரியவர் அவருடைய வுட் டக் இறகையும் என்னுடையதையும் கலந்து போட்டுவிட்டுப் பிரித்தெடுக்கச் சொன்னார். பகலில் பிரித்துவிடலாம். விளக்கொளியில் அவரே தடுமாறினார்.

அதே வெங்காயச் சாற்றில் அன்னபேதி ஒரு சிட்டிகை போட்டால் பொன் நிறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாசியாக இருண்டுவிடும். அன்னபேதி நாட்டு மருந்துக் கடைச் சரக்கு, இரும்பு சல்பேட். டீயிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் சாம்பலிலிருந்து கறுப்பு வரை வரும். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் பழைய எழுத்து மையும் இந்தச் சேர்க்கைதான். ஆனால் இரும்பு அளவு மீறினால் புரத இழை நாளாவட்டத்தில் இற்றுப்போகும். கறுப்புப் பட்டு சீக்கிரம் கிழிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மஞ்சள்தூளைப் பற்றியும் கேட்பார்கள். படிகாரம்கூட இல்லாமல் சட்டென்று ஏறும், அழகாக ஏறும். வெயிலில் நாலு நாள் காட்டினால் ஓடிப்போய்விடும். நான் தொடுவதில்லை.

சாம்பல்தான் இந்தக் கலையின் உச்சம். நீலம் கலந்த புகைச் சாம்பலில், விறைப்பான இழையோடு ஒரு சேவல் கழுத்து கிடைப்பது அபூர்வம். கோழியில் இந்த நீலச் சாம்பலை உண்டாக்கும் மரபணு விசித்திரமானது. நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால் குஞ்சுகளில் பாதிதான் நீலம். கால்வாசி கறுப்பு, கால்வாசி திட்டு விழுந்த வெள்ளை. எத்தனை தலைமுறை வளர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில் ஹாரி டார்பி என்பவர் இந்த நிறத்துக்காகவே பல பத்தாண்டுகள் சேவல் வளர்த்தார்; பொய்ப்பூச்சி உலகில் அவர் பெயர் நின்றதற்கு அந்தச் சேவல்களும் காரணம். ஸ்பெயினின் லியோன் பகுதியிலும் இறகுக்காகவே தனிச் சேவல் இனங்கள் வளர்க்கிறார்கள்.

வளர்க்க முடியாதவர்கள் வேதியியலிடம் போனார்கள். வெள்ளி நைட்ரேட் கரைசலில் இறகை ஊறவைத்து, பிறகு பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவப் பயன்பட்ட டெவலப்பரில் போட்டால், இழைக்குள்ளேயே வெள்ளி படிந்து பழுப்போடிய அருமையான சாம்பல் வரும். இந்த முறையை வீட்டில் செய்ய நான் சொல்ல மாட்டேன். நம் ஊரில் ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கும் அழியாத மையில் இருப்பதும் இதே வெள்ளி நைட்ரேட்தான். கையில் பட்டால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய ஆங்கில நூல்களில் பாசிநிறத்துக்குப் பிக்ரிக் அமிலம் என்று எழுதியிருக்கும். அது காய்ந்தால் வெடிக்கும் பொருள். புத்தகத்தோடு விட்டுவிடுங்கள்.

வீட்டில் சாயம் போடுவது இப்போது வந்த பொழுதுபோக்கு அல்ல. ஆங்கிலத்தில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி முதலில் அச்சான நூல் 1496-ல் வந்தது. ஒரு கன்னிமாடத் தலைவி எழுதியது என்பது செவிவழிச் செய்தி. பன்னிரண்டு பொய்ப்பூச்சிகளைச் சொல்லும் அந்த நூல், குதிரைவால் மயிரில் திரித்த தூண்டில் கயிற்றுக்கு நிறமேற்றுவதையும் சொல்கிறது: ஏல் என்னும் பார்லி மது, படிகாரம், வால்நட் இலை. எல்லாம் அடுப்பங்கரைச் சரக்கு. என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓடும் டவ் ஆற்றின் கரையில் சார்லஸ் காட்டன் 1674-ல் கட்டிய சிறிய மீன்பிடி மாளிகை இன்னும் நிற்கிறது. இரண்டு ஆண்டு கழித்து அவர் எழுதிய பகுதியில் கரடி மயிர், ஒட்டக மயிர், பன்றி மயிர் என்று பட்டியல் நீளும்.

விக்டோரியா காலத்தில் விஷயம் தடம் மாறியது. சால்மன் மீனுக்குக் கட்டிய பொய்ப்பூச்சிகள் எந்தப் பூச்சியையும் ஒத்திருக்கவில்லை. ஒத்திருக்க வேண்டுமென்று எவரும் நினைக்கவும் இல்லை. ஜாக் ஸ்காட் என்ற புகழ்பெற்ற ஒன்றை முறைப்படி கட்ட டூக்கான் பறவை, தென் அமெரிக்காவின் நீலக் கொட்டிங்கா, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுக்கோழி எல்லாம் வேண்டும். சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு நுனியில் மெழுகு வார்த்தது மாதிரி ஒரு வெள்ளை, மஞ்சள் புள்ளி உண்டே, அதற்காகத் தோல் தோலாகக் கப்பலேறியது. மீனுக்கு அந்தப் புள்ளி அவசியமா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை. பணக்காரருக்கு அவசியமாக இருந்தது.

பெண்கள் தொப்பியில் செருகிய இறகுக்கும் அப்போது பறவைகள் லட்சக்கணக்கில் செத்தன. அதை எதிர்த்து எமிலி வில்லியம்சன் 1889-ல் மான்செஸ்டர் அருகே பெண்களைச் சேர்த்துத் தொடங்கிய சங்கம்தான் இன்று பிரிட்டனின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பாக இருக்கிறது. அயல்நாட்டு இறகு இறக்குமதிக்குத் தடைச் சட்டம் 1921-ல் வந்தது. அரிய பறவையின் வேலையை இனி சாயமிட்ட கோழியும் வாத்தும் வான்கோழியும்தான் செய்ய வேண்டும் என்ற நிலை வந்தது. என்னைப்போன்ற அடுப்பங்கரைச் சாயக்காரர்களுக்குத் தொழில் மரியாதை அங்கிருந்துதான்.

ஆனாலும் சாயத்துக்கு எட்டாத நிறங்கள் உண்டு. கொட்டிங்காவின் நீலமும் மயிலின் பச்சையும் சாயப் பொருளால் வருபவை அல்ல. இறகின் நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி சிதறுவதால் வருபவை. அரைத்துப் பொடியாக்கினால் நீலம் காணாமல் போகும். வாத்து இறகில் நான் எவ்வளவு நல்ல நீலம் ஏற்றினாலும் அந்த மினுக்கம் வராது. இதனால்தான் அசல் இறகுமேல் வெறி பிடித்த சிலர் இன்னும் இருக்கிறார்கள். 2009 ஜூனில் லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க மாணவன், டிரிங் என்ற ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்துப் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினான். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. எங்கே, எப்போது பிடித்தது என்று எழுதிக் கட்டியிருந்த சீட்டுகளைப் பல தோல்களிலிருந்து நீக்கி, இறகுகளைப் பிய்த்துப் பிய்த்து விற்றான். சீட்டு போனால் ஆராய்ச்சிக்கு அந்தத் தோல் வெறும் தோல். இத்தனைக்கும் இப்படிக் கட்டும் பொய்ப்பூச்சிகள் தண்ணீரையே பார்ப்பதில்லை, கண்ணாடிச் சட்டத்துக்குள் போகின்றன. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

கோழி இறகுக்கும் ஒருமுறை கிராக்கி வந்தது. 2011-ல் பெண்கள் தலைமுடியில் நீள இறகைச் செருகிக்கொள்ளும் மோகம் அமெரிக்காவில் கிளம்பியது. அவர்கள் தேடியது பொய்ப்பூச்சிக்கென்றே வளர்த்த சேவல்களின் முதுகு இறகு. தூண்டில் கடைகளில் சிகை அலங்காரக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். விலை பலமடங்கு ஏறியது. மறுவருஷம் மோகம் தணிந்தது.

இறகைத் தவிர மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முயல் தோல் நன்றாகச் சாயம் குடிக்கும். மான் வால் மயிருக்குக் கொழுப்பு அதிகம், கழுவல் இரட்டிப்பு. மான் உடம்பு மயிரில் உள்ளே காற்றறைகள் உண்டு. சூடு அதிகமானால் மிதக்கும் குணம் கெடும். வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி முளைக்கும் பஞ்சு இறகுக்கு நான் சாயமே போடுவதில்லை. அதன் சிறப்பு அந்த எண்ணெய். சாயத்துக்காகக் கழுவினால் முதலில் போவது அதுதான். இயற்கை நிறமே போதும். எதுவானாலும் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் பாலிதீன் பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்துவிட வேண்டும். இறகில் அந்துப்பூச்சி முட்டை ஒன்று இருந்தால் போதும், அடுத்த அலமாரியில் உள்ள பட்டுப் புடவைக்கும் அது வரும். புரதம் புரதம்தானே.

அண்ணன் மகன் குன்னூரில் இருக்கிறான். நீலகிரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவிட்ட ட்ரவுட் இன்னும் இருக்கிறது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் உண்டு. போனில் ஒருநாள் கேட்டான்: “அத்தை, அங்கேருந்து நாலு இறகு அனுப்பி வைங்களேன்.”

“ஏன்டா, சேவல் இல்லாத ஊரா அது?”

“பிராய்லர் கடையில கேட்டா சிரிக்கறாங்க அத்தை.”

சிரிக்கத்தான் செய்வார்கள். ஆறு வாரத்தில் வெட்டும் கோழிக்குக் கழுத்து இறகு முற்றியே இருக்காது. ஒரு வயது தாண்டிய நாட்டுச்சேவல் வேண்டும். இழை விறைப்பாக இருக்கும், தண்ணீரில் சுருங்காது. சந்தையில் கறிக்கு வாங்குகிறவரிடம் சொல்லி வைத்தால் கழுத்தைத் தோலோடு தந்துவிடுவார். காட்டுக்கோழி இறகு என்று எஸ்டேட் பக்கம் எவராவது நீட்டினால் கை வைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பறவை இருக்கிறது. மயிலிறகு தானாக உதிர்ந்ததை வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. எனக்குப் பார்சல் போட்டுவிடாதே என்றேன். மற்றபடி அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஊர்க் கடையிலேயே இருக்கிறது. சின்ன வெங்காயச் சருகில் தொடங்கு, படிகாரம் மறக்காதே, கடுக்காயும் அன்னபேதியும் கை பழகிய பிறகு. வெள்ளைச் சேவலைத் தேடி அலையாதே, சந்தன நிறம் கிடைத்தால் உடனே வாங்கிவிடு. உங்கம்மாவின் ரசச் சட்டியை மட்டும் எடுக்காதே.